அந்த அரை டன் யாருக்காக? கட்டட எரிசக்தி விதியும் சென்னையின் மொட்டை மாடியும்

வேளச்சேரி பக்கம் ஒரு கடையில் ஏ.சி. வாங்கப் போனேன். விற்பனைப் பையன் பட்ஜெட்டைக்கூடக் கேட்கவில்லை. "டாப் ஃப்ளோரா சார்?" என்றான். ஆமாம் என்றேன். அறை பத்துக்குப் பன்னிரண்டு என்றதும், "அந்த சைஸுக்கு ஒரு டன் போதும். ஆனா டாப் ஃப்ளோர்னா ஒன்றரை போட்டுருங்க. இல்லேன்னா மே மாசம் எங்களைத்தான் திட்டுவீங்க" என்றான்.

எனக்கு நேர் கீழே இருப்பவரின் அறையும் அதே அளவுதான். அவருக்கு ஒரு டன் போதுகிறது. அப்படியானால் அந்தக் கூடுதல் அரை டன் எனக்காக இல்லை, என் தலைக்கு மேல் இருக்கும் ஐந்து அங்குலக் கான்கிரீட்டுக்காக. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவில் அறைக்குள் கக்கும் சூட்டை வெளியே தள்ள ஓர் இயந்திரம், அதற்கு மாதாமாதம் கரண்ட் பில். கட்டும்போதே அந்தச் சூட்டை மேலேயே நிறுத்தியிருக்க முடியாதா என்பதுதான் கட்டட எரிசக்தி விதிகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கேள்வி. டெல்லியில் எழுதப்பட்ட அந்த விதி மடிப்பாக்கத்து மாடி வரை ஏன் இறங்கி வருவதில்லை என்பது அடுத்த கேள்வி. இரண்டையும் பார்ப்போம்.

முதலில் கணக்கு. ஒரு கூரையோ சுவரோ எவ்வளவு சுலபமாகச் சூட்டை உள்ளே விடுகிறது என்பதைச் சொல்லும் எண்ணைப் பொறியாளர்கள் 'யு வேல்யூ' என்பார்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில், இரு பக்கமும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், எத்தனை வாட் வெப்பம் கடக்கும் என்பது அது. எண் சிறியதாக இருந்தால் நமக்கு நல்லது. மேலே எதுவும் போடாத கான்கிரீட் தளத்துக்கு அது மூன்றரை அளவில் வரும். அதன் மேல் நான்கு அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்தால் இரண்டே காலுக்குப் பக்கத்தில் இறங்கும். வீடுகளுக்கான தேசிய விதி கூரைக்கு அனுமதிக்கும் உச்சம் 1.2.

என் அறைக் கூரை சுமார் 11 சதுர மீட்டர். சித்திரை வெயிலில் தளத்தின் மேல்பரப்பு அறையைவிட 30 டிகிரி கூடுதலாகக் கொதிப்பது சாதாரணம். பெருக்கிப் பார்த்தால் வெறும் தளத்தின் வழியே 1,000 வாட்டுக்கு மேல் உள்ளே இறங்குகிறது. 1.2 உள்ள கூரையாக இருந்தால் ஏறக்குறைய 400 வாட். ஒரு டன் ஏ.சி. என்பது சுமார் 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும் இயந்திரம். ஆக, வெறும் கூரை மட்டுமே கால் டன்னுக்கு மேல் தின்றுவிடுகிறது. மிச்சக் கால் டன், கடைக்காரப் பையனின் முன்ஜாக்கிரதையும் என் வீட்டு மேற்குச் சுவரும்.

மேற்குச் சுவர் என்றதும் சென்னையின் சூரியனைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அதனால் சூரியன் ஆண்டுக்கு இரண்டு முறை நேர் உச்சிக்கு வரும். சித்திரை 12 வாக்கில் ஒரு தரம், ஆவணி பிறக்கும்போது ஒரு தரம். இடைப்பட்ட நாட்களில், அதாவது கத்திரியையும் சேர்த்து, மதியச் சூரியன் தெற்கே இல்லை, வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கிறது. வடக்குப் பக்கம் வெயில் படாது, அங்கே கண்ணாடி தாராளமாக வைக்கலாம் என்பது டெல்லிக்கு ஓரளவு சரி. சென்னைக்குச் சரிவராது. மொட்டை மாடிதான் முதல் எதிரி. காலையில் கிழக்குச் சுவரும் மாலையில் மேற்குச் சுவரும் அடுத்தது. தெற்குப் பக்கம் இங்கே பாவம், அவ்வளவு கெட்ட பெயருக்குத் தகுதியில்லாதது.

இந்த விஷயம் விதியை எழுதியவர்களுக்குத் தெரியும். அலுவலகங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்குமான 2017 விதியில், கண்ணாடி வழியே வெயிலின் எத்தனை பங்கு சூடாக உள்ளே வரலாம் என்பதற்கு ஓர் எண் உண்டு. நம்மைப் போன்ற புழுக்கமான ஊர்களில் அது 0.27. அதாவது மேலே விழும் வெயிலில் கால் பங்கைவிடச் சற்றுக் கூடுதல். வடக்குப் பக்கத்துக்கு மட்டும் 0.50 வரை சலுகை. ஆனால் அந்தச் சலுகை 15 டிகிரி அட்சரேகைக்கு மேலே இருக்கும் ஊர்களுக்குத்தான். அதற்குக் கீழே இருந்தால் வடக்கிலும் 0.27தான். சென்னை, மதுரை, கோவை, எல்லாமே கீழே. தமிழ்நாடு முழுவதும் அந்தக் கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் ஒரே வரியில் நமக்கென்று ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறது. ஓ.எம்.ஆரில், அதாவது பழைய மகாபலிபுரம் சாலையில், நான்கு பக்கமும் கண்ணாடி போர்த்தி நிற்கும் கட்டடங்களைப் பார்க்கும்போது இந்த வரி எனக்கு ஞாபகம் வரும்.

விதி எங்கிருந்து வந்தது

2001இல் நாடாளுமன்றம் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தை இயற்றியது. அதன்கீழ் 2002 மார்ச்சில் எரிசக்தி திறன் பணியகம் வந்தது. ஃபிரிட்ஜிலும் ஏ.சி.யிலும் நட்சத்திரம் ஒட்டுகிற அதே பீ.ஈ.ஈ.தான். 2007 மே மாதம் கட்டடங்களுக்கான முதல் தேசிய விதித்தொகுப்பு வெளியானது. துறையில் இருப்பவர்கள் ஈ.சி.பி.சி. என்றே சொல்வார்கள். பெரிய வணிகக் கட்டடங்களுக்கானது அது. 2010இல் சட்டம் திருத்தப்பட்டபின் அந்த 'பெரிய' என்பதன் அளவு 100 கிலோவாட் இணைப்புப் பளு, அதாவது கட்டடத்தில் உள்ள கருவிகள் எல்லாம் சேர்ந்து இழுக்கக்கூடிய மின்சாரம். 2017இல் திருத்திய பதிப்பு வந்தது. அதில் மூன்று படிகள். சாதாரணமாக விதியை நிறைவேற்றினால் வழக்கமான கட்டடத்தைவிட 25 சதவீதம் மிச்சம், அடுத்த படிக்கு 35, உச்சப் படிக்கு 50 என்பது குறிக்கோள்.

வீடுகளுக்கென்று தனி விதி 2018 டிசம்பரில்தான் வந்தது. பெயர் எக்கோ நிவாஸ் சம்ஹிதா. வாயில் நுழையாத பெயர்தான், உள்ளே இருக்கும் விஷயம் எளிமையானது. அப்புறம் 2022இல் சட்டமே திருத்தப்பட்டது. அதுவரை வணிகக் கட்டடத்தோடு நின்ற சட்டத்தின் கை குடியிருப்புக்கும் நீண்டது. விதியின் பெயரில் 'சஸ்டெய்னபிள்', அதாவது நீடித்து நிலைக்கக்கூடியது, என்ற சொல்லும் சேர்ந்தது. 2023 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. புதிய பதிப்புகள் 2024இல் வந்தன.

சரி, வீட்டு விதிக்குள் என்னதான் இருக்கிறது? கூரைக்கு 1.2 என்று ஏற்கெனவே சொன்னேன். சுவருக்கும் ஜன்னலுக்கும் சேர்த்து ஒரே எண் உண்டு. ஆர்.ஈ.டி.வி. என்பார்கள். கூரை நீங்கலாக, வீட்டின் வெளிச்சுவர் முழுவதும் சராசரியாகச் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் உள்ளே விடுகிறது என்ற கணக்கு. குளிர்ப் பிரதேசம் தவிர நாடு முழுவதற்கும் 15க்கு மேல் போகக் கூடாது.

அந்தச் சூத்திரத்தை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். திசைக்கேற்ற திருத்தத்தை விட்டுவிட்டு, சுவரில் 15 சதவீதம் ஜன்னல், சாதாரணத் தெளிவான கண்ணாடி என்று வைத்துக்கொண்டேன். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் யு வேல்யூ 2 என்றால் மொத்தம் 17.7 வருகிறது. ஃபெயில். அதே ஜன்னலோடு லைட் வெயிட் பிளாக், அதாவது ஏ.ஏ.சி. பிளாக் சுவர் என்றால் 12.4. பாஸ். அடுத்து, பழைய செங்கல் சுவரையே வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு மேல் ஆழமான சன்ஷேடோ பால்கனியோ போட்டுக் கண்ணாடியில் படும் வெயிலைக் குறைத்தால் என்ன ஆகும்? 14.8. இதுவும் பாஸ்!

எனக்கு இது பெரிய ஆச்சரியம். மேற்கு மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் எழுபதுகளில், எண்பதுகளில் கட்டிய வீடுகளில் இரண்டடி சன்ஷேடு இல்லாத ஜன்னலைப் பார்ப்பது அபூர்வம். மழைச் சாரலுக்காக வைத்தார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். மனையின் அளவுக்கு எத்தனை சதுர அடி கட்டலாம் என்கிற எஃப்.எஸ்.ஐ. கணக்கும் 'கிளீன் லுக்'கும் வந்தபின் அது சுருங்கிச் சுருங்கி, பல இடங்களில் ஜன்னலுக்கு மேல் வெறும் கோடாகிவிட்டது.

இன்னொரு கணக்கையும் போட்டேன். இது கொஞ்சம் கவலை தருவது. இப்போது உயரமான அடுக்ககங்களில் அலுமினிய ஃபார்ம்வொர்க் வைத்துச் சுவரையும் தளத்தையும் ஒரே கான்கிரீட்டாக வார்க்கிறார்கள். சைட்டில் 'மைவான்' என்று சொல்வது. வேகம் அதிகம், கொத்தனார் வேலை குறைவு, பூச்சும் அவ்வளவாகத் தேவையில்லை. ஆறு அங்குலத்தை ஒட்டிய அந்தச் சுவரின் யு வேல்யூ கூரைத் தளத்தைப் போலவே மூன்றரை. சூத்திரத்தில் போட்டால் மொத்தம் 24. ஜன்னலே வைக்காத மொட்டைச் சுவராக இருந்தாலும் 18. அதாவது எவ்வளவு சன்ஷேடு வைத்தாலும் சுவரே தேறாது, மேலே வெப்பத்தடுப்புப் பூச்சோ அட்டையோ போட்டால்தான் உண்டு. பழைய டாப் ஃப்ளோர் பிரச்சினை இப்போது எல்லா மாடிக்கும் பக்கவாட்டில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றோட்டத்துக்கும் ஒரு எண் இருக்கிறது. நம்முடையது போன்ற புழுக்கமான ஊர்களில், வீட்டின் உள்தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வெளிக்காற்றுக்குத் திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 600 சதுர அடி வீட்டுக்கு 100 சதுர அடி திறப்பு. இங்கேதான் ஸ்லைடிங் ஜன்னல் மாட்டிக்கொள்கிறது. நாலுக்கு நாலு ஜன்னல் என்றால் காகிதத்தில் 16 சதுர அடி, திறப்பது எட்டுதான். ஒரு கதவு எப்போதும் இன்னொன்றின் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கும். இரண்டு பக்கமும் விரியத் திறக்கும் பழைய மர ஜன்னலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. கொசுவலைக்கு வசதி என்று நாம்தான் ஸ்லைடிங்குக்கு மாறினோம், அதையும் சொல்ல வேண்டும்.

கூரைக்கு வருவோம். பழைய மெட்ராஸ் டெரஸ் தெரிந்தவர்களுக்கு இந்த விதியில் புதிதாக ஒன்றும் இருக்காது. தேக்கு உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லிக் கலவை போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் கலந்து தெளிப்பார்கள். கடைசியில் தட்டோடு. கான்கிரீட் வந்தபின் மரமும் குத்துச் செங்கல்லும் போயின. மேலே இருந்த ஜல்லி சுண்ணாம்புத் தளம் மட்டும் 'வெதரிங் கோர்ஸ்' என்ற பெயரில் தொடர்ந்தது. பிறகு அதற்கும் ஆள் கிடைக்காமல், நேரம் இல்லாமல், வெறும் சிமென்ட் பூச்சோடு நிறுத்திவிடும் வழக்கம் வந்தது. எங்கள் கட்டடத்தில் நடந்தது அதுதான். விற்பனைக் காகிதத்தில் 'வெதர்புரூஃப் கோர்ஸ்' என்று போட்டிருந்தது. குடிவந்து நாலு வருஷம் கழித்து ஒழுகலுக்காகக் கொத்திப் பார்த்தபோது அரை அங்குலச் சிமென்டுக்குக் கீழே நேராகத் தளம். கட்டிக் கொடுத்தவரின் போன் நம்பர் அதற்குள் மாறிவிட்டிருந்தது.

ஜல்லித் தளம் போட்டாலும் 1.2ஐத் தொடாது என்று பார்த்தோம். ஆனால் அதனடியில் ஓர் அங்குல எக்ஸ்.பி.எஸ். அட்டை, அதாவது தெர்மாகோலின் கெட்டியான உறவுக்காரன், வைத்தால் 0.8 வரை இறங்கிவிடும். வணிகக் கட்டடத்துக்கு விதி இன்னும் கறார். அங்கே கூரைக்கு 0.33, சுவருக்கு 0.40. கூரையின் மேற்பரப்பு வெயிலில் 60 சதவீதத்தையாவது திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் அதில் உண்டு. அதற்கு எளிய வழி வெள்ளை. சாம்பல் நிறச் சிமென்ட் பரப்பு வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிவிடும், புதிதாய் அடித்த வெள்ளைப் பூச்சு பெரும்பகுதியைத் திருப்பிவிடும். தூசி படிந்தால் சக்தி குறையும், கழுவ வேண்டும். மற்றபடி இதில் மர்மம் எதுவும் இல்லை.

மாநிலம் ஏன் நடுவில் வருகிறது

டெல்லியில் சட்டம் இருக்கிறதே, பிறகென்ன என்று தோன்றலாம். அரசமைப்பில் மின்சாரம் பொதுப்பட்டியலில் இருக்கிறது. நிலமும் உள்ளாட்சியும் மாநிலப் பட்டியலில். கட்டட அனுமதி என்பது முழுக்க முழுக்க மாநிலத்தின், உள்ளாட்சியின் கையில். அதனால் எரிசக்திச் சட்டமே இப்படி ஏற்பாடு செய்திருக்கிறது: மத்திய அரசு விதித்தொகுப்பை வகுக்கும், மாநில அரசு தன் தட்பவெப்பத்துக்கு ஏற்றபடி அதைத் திருத்திக்கொள்ளலாம், அறிவிக்கை போட்டுத் தன் கட்டட விதிகளுக்குள் புகுத்த வேண்டியதும் அதுதான். கண்காணிக்க மாநிலம் ஓர் அமைப்பைக் குறிக்க வேண்டும்.

மாநிலங்கள் ஆளுக்கொரு வேகத்தில் போயின. ராஜஸ்தான் 2011இலேயே தன் பதிப்பைக் கொண்டுவந்தது. ஆந்திரம் 2014 ஜனவரியில், மாநிலம் பிரிவதற்குச் சில மாதம் முன்பு, அறிவித்தது. தெலங்கானா தனியான பிறகு அதைக் கைவிடாமல் இன்னொரு வேலை செய்தது, அதுதான் கவனிக்க வேண்டியது. ஹைதராபாதில் கட்டட அனுமதி வழங்கும் ஆன்லைன் முறைக்குள்ளேயே இந்த விதியைச் சேர்த்தது. விண்ணப்பிப்பவர் எரிசக்திக் கணக்கையும் அதே இடத்தில் ஏற்ற வேண்டும். அதைச் சரிபார்க்க அரசு ஊழியரைத் தேடாமல், தகுதி பெற்ற வெளி மதிப்பீட்டாளர்களைப் பட்டியலிட்டது. 2023இல் குளிர்கூரைக்கென்று ஐந்தாண்டுக் கொள்கையும் அங்கே வந்தது.

அறிவிக்கை என்பது ஒரு காகிதம். அனுமதி மேஜையில் உட்கார்ந்திருப்பவர் அதைக் கேட்டால்தான் அது விதி, கேட்காவிட்டால் பி.டி.எஃப்.

நம் ஊரில் அந்த மேஜை ஒன்று அல்ல. எரிசக்திச் சட்டத்துக்குத் தமிழ்நாட்டில் பொறுப்பான அமைப்பு மின் ஆய்வுத் துறை, கிண்டி தொழிற்பேட்டையில் அதன் தலைமையகம். லிஃப்ட் உரிமத்துக்கும் உயர் அழுத்த இணைப்பின் பாதுகாப்புச் சான்றுக்கும் பில்டர்கள் நடக்கிற இடம். அது எரிசக்தித் துறையின் கீழ் வருகிறது. பிளான் அப்ரூவல் தரும் சி.எம்.டி.ஏ., அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், வீட்டுவசதித் துறையின் கீழ். மாநகராட்சி, நகராட்சி நிர்வாகத் துறையின் கீழ். கட்டடம் எத்தனை உயரம், சுற்றிலும் விட வேண்டிய காலியிடமான செட்பேக் எத்தனை என்று பார்ப்பவருக்கு யு வேல்யூ தன் வேலை இல்லை. யு வேல்யூ தெரிந்தவரிடம் வரைபடம் வருவதற்குள் கட்டடம் எழுந்துவிடும். 2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுவதற்கும் ஒரே புத்தகமாக வந்தது நல்ல விஷயம். முன்பு ஊருக்கு ஒரு விதி. இப்போது ஒரு பக்கத்தில் சேர்த்தால் கன்னியாகுமரி வரை போய்ச் சேரும்.

எப்போது பார்ப்பது என்பதும் எங்கே பார்ப்பது என்பதைப் போலவே முக்கியம். மழைநீர்க் குழியைக் கட்டி முடித்தபின் வந்தும் பார்க்கலாம். கூரை அட்டையை அப்படிப் பார்க்க முடியாது, டைல்ஸ் ஒட்டியபின் அது கடவுளுக்கும் மேஸ்திரிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். சுவரிலும் அப்படித்தான், பூசிவிட்டால் செங்கலா பிளாக்கா என்று தட்டித்தான் பார்க்க வேண்டும். ஆக, பிளாக் கட்டும்போது ஒரு தரமும் தளத்துக்கு மேல் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒரு தரமும் யாராவது ஏறிப் பார்த்தாக வேண்டும். செல்போனில் இடமும் நேரமும் பதியும் புகைப்படம் போதும் என்பது என் கருத்து. பில்டர் ஏமாற்ற மாட்டாரா என்றால், ஏமாற்றலாம். இன்று ஏமாற்ற வேண்டிய தேவைகூட இல்லை.

தமிழ்நாட்டால் முடியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். 2003இல் ஜெயலலிதா அரசு அவசரச் சட்டம் போட்டு, புதுக் கட்டடம் பழைய கட்டடம் எல்லாவற்றுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. கெடு வைத்தார்கள். செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம், அரசே செய்து செலவைச் சொத்து வரி போல வசூலிக்கலாம் என்று இருந்தது. அப்போது தெருவுக்குத் தெரு குழி தோண்டியது இந்த ஊரில் நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆய்வுக்கு வருபவருக்குக் காட்ட மண்ணில் ஒரு பி.வி.சி. குழாயைச் செருகி வைத்தவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் வேலை நடந்தது. காரணம் எளிது: குழி கண்ணுக்குத் தெரியும், கெடு தெரியும், தண்டனை தெரியும், எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர் இல்லாத கஷ்டம் எல்லாருக்கும் தெரியும்.

எரிசக்தி விதிக்கு அந்தப் பிடி எங்கே? பெரிய கட்டடங்களுக்குக் கம்ப்ளீஷன் சான்றிதழ் இல்லாமல் ஈ.பி. இணைப்பு கிடைப்பதில்லை. குடிநீர் இணைப்பு செய்த வேலையை இங்கே மின் இணைப்பு செய்ய முடியும். மின்சாரத்தை வீணடிக்கும் கட்டடத்துக்கு மின்சாரத்தையே பிடியாக வைப்பது நியாயமும்கூட.

யார் வலைக்கு வெளியே

பெரிய கட்டடம் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் எனக்குச் சென்னையைப் பற்றிய உண்மையான கவலை. எக்கோ நிவாஸ் 2018இல் வந்தபோது அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்கானது. 2,400 சதுர அடி ஒரு கிரவுண்டு என்ற நம் கணக்கில் சொன்னால் இரண்டே கால் கிரவுண்டு. ஒரு கிரவுண்டில் நாலு வீடு, இரண்டு கிரவுண்டில் எட்டு வீடு என்று எழும்பியதுதான் நங்கநல்லூரும் மடிப்பாக்கமும் குரோம்பேட்டையும். எல்லாம் தாராளமாக வெளியே. திருத்திய சட்டம் பளுவை வைத்துப் பார்க்கிறது, 100 கிலோவாட். வீட்டுக்கு ஐந்து கிலோவாட் என்றால் இருபது வீடு சேர்ந்தால்தான் வலைக்குள் வரும். இந்த அளவை மாநிலம் விரும்பினால் குறைத்துக்கொள்ளலாம், அந்த அதிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது.

இன்னொரு பக்கம், 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடுகளுக்குச் சுயசான்றிலேயே ஆன்லைனில் உடனடி அனுமதி. மக்களுக்கு இது பெரிய நிம்மதி, நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் தரையும் ஒரு மாடியும் உள்ள வீட்டில் பாதி வீடு டாப் ஃப்ளோர். அந்த விண்ணப்பத்திலேயே 'கூரைக்கு மேல் என்ன போடுகிறீர்கள்' என்று ஒரே ஒரு கேள்வி, மூன்று தேர்வுகளோடு இருந்தால் போதும். ஆர்.ஈ.டி.வி. எல்லாம் அவர்களிடம் கேட்க வேண்டாம். சிறிய வீட்டுக்குக் கூரை, பெரிய அடுக்ககத்துக்குச் சுவரும் கூரையும், அலுவலகத்துக்கு முழு விதி. சென்னைக்கு இதுதான் நடக்கக்கூடிய வரிசை என்று எனக்குப் படுகிறது. எல்லாவற்றையும் எல்லாரிடமும் கேட்டால் கன்சல்டன்டுக்கு வேலை கிடைக்கும், கூரை அப்படியே இருக்கும்.

ஏன் அவசரம் என்பதற்கு ஒரே ஒரு எண். 2024 மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. ஏ.சி.க்கள் ஒன்றாக ஓடும் இரவில் சூரியத் தகடு கைகொடுக்காது. தளத்துக்குள் தங்கிய பகல் வெயில் இறங்குவதும் அந்த நேரத்தில்தான். அதே ஆண்டு அக்டோபரில் மாநில அரசு வெப்ப அலையைப் பேரிடராக அறிவித்தது. ஏ.சி.க்கு வழியில்லாத டாப் ஃப்ளோர்காரருக்கு அது கரண்ட் பில் விஷயம்கூட இல்லை, தூக்கத்தின் விஷயம்.

பில்டரை மட்டும் திட்டிப் பயனில்லை. அட்டைக்கும் பிளாக்குக்கும் காசு போடுபவர் அவர், பில் கட்டப் போகிறவர் நாம். வாங்கப் போகும்போது நாம் கேட்பது நிலத்தில் நம் பங்கான யு.டி.எஸ். எவ்வளவு, கார் பார்க்கிங் மூடியதா, மெட்ரோ வாட்டர் வருமா, வாசல் எந்தத் திசை. கேட்காத பொருளை யார் விற்பார்கள்? லைட் வெயிட் பிளாக் என்றதும் "ஆணி நிக்காதாமே" என்று முகம் சுளிப்பவர்கள்தான் நம்மில் அதிகம். அதுவும் பொய்யில்லை, சாதாரண ஆணி நிற்காது, தனி ஸ்க்ரூ வேண்டும்.

எங்கள் அசோசியேஷனில் போன பிப்ரவரியில் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கும் தீர்மானத்தைக் கொண்டுபோனேன். மாடி எல்லாருக்கும் பொது, செலவும் பொது என்பது என் வாதம். தரைத்தளத்து மாமா நிதானமாகக் கேட்டார்: "நீ குளுகுளுன்னு தூங்குறதுக்கு நான் எதுக்குத் தரணும் தம்பி?" பில்டர் பக்கத்து நியாயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் மேல்மாடியில் இருக்கும் நான்கு வீடும் பங்கு போட்டோம். பழைய பூச்சைச் சுரண்டி, விரிசலை அடைத்து, மூன்று கோட். வடகம் காயவைக்க வந்தவர்கள் கண் கூசுகிறது என்று குறைப்பட்டார்கள். எனக்கு ராத்திரி ஃபேன் காற்று காற்றாக இருந்தது, அடுப்படிச் சூடாக இல்லை.

அந்த மாமாவின் மகன் இப்போது மேடவாக்கம் தாண்டி ஃபிளாட் பார்க்கிறான். விலைக்குக் கட்டுப்படியாவது ஐந்தாம் மாடி, டாப் ஃப்ளோர். மாமா மெதுவாக வந்து, "மேல என்ன போட்டிருக்கான்னு எப்படிப்பா கேக்கணும்?" என்றார். ஒரு சீட்டில் 'கூரை யு வேல்யூ 1.2க்குள் இருக்கிறதா?' என்று எழுதிக் கொடுத்தேன். சைட் ஆபீஸில் இருந்தவர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "ஒன்றுக்கு ரெண்டா? இல்ல சார், நாங்க ஒன்றுக்கு நாலுதான் போடுவோம்" என்றாராம். சிமென்ட் கலவை விகிதம் என்று நினைத்துவிட்டார்.